தொடை சொல்லும் விலை: பர்கண்டியில் ஒரு சைக்கிள் நாள்

வணக்கம் நேயர்களே. பிரான்ஸ், சைக்கிள் என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னாலே ஜூலை மாதப் பந்தயமும் மஞ்சள் சட்டையும் ஆல்ப்ஸ் மலையில் மூச்சிரைக்க ஏறுகிறவர்களும்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். நான் பேச வந்தது அந்த வீரர்களைப் பற்றி இல்லை. பிரான்சின் கிழக்கே ஒயினுக்குப் பேர் பெற்ற பர்கண்டி வட்டாரத்தில் போன் நகரத்திலிருந்து தெற்கே சான்தனே என்ற ஊர் வரைக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சைக்கிள் பாதை போகிறது, மொத்தமே 22 கிலோமீட்டர் சொச்சம், அதில் நண்பர்களோடு ஒரு முழு நாள் மிதித்ததைப் பற்றித்தான்.

இருபத்திரண்டுக்கு ஒரு நாளா என்று எங்கள் கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார். தினமும் வேலைக்கே சைக்கிளில் போகிற ஆள், மத்தியானத்துக்குள் இதை முடித்துவிட்டு வேறு எங்கேயாவது போகலாம் என்று வந்தவர். இன்னொருவர் வாடகைக் கடையிலேயே பேட்டரி சைக்கிளைப் பிடித்துக்கொண்டார், அவரைக் கிண்டல் செய்த நாங்கள் எல்லாரும் வழியில் வரும் வொல்னே ஊரின் ஏற்றத்தில் வாயை மூடிக்கொண்டோம். ரொம்பச் செங்குத்து என்று இல்லை. ஆனால் பாதை பல இடங்களில் தோட்டக்காரர்கள் டிராக்டர் ஓட்டுவதற்குப் போட்ட சிமென்ட் தடம்தான், வளைவு திரும்பினால் ஏறும், அடுத்த வளைவில் இறங்கும், கியரிலிருந்து கையை எடுக்க விடாது.

அந்த டிராக்டரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இங்கே திராட்சைக்குக் கம்பம் பக்கம் போலத் தலைக்கு மேல் பந்தல் கிடையாது. இடுப்பளவுச் செடி, வரிசைக்கு வரிசை ஏறக்குறைய ஒரு மீட்டர், ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 10,000 செடி. குலைகள் முழங்காலுக்குக் கீழே, தரையின் வெள்ளைக் கற்களுக்குக் கிட்டத்தில் தொங்கும். இந்த நெருக்கத்தில் சாதாரண டிராக்டர் நுழையுமா? அதனால் நெட்டைக்கால் வைத்த ஒரு வண்டி, செடி வரிசையைத் தன் வயிற்றுக்கு அடியில் விட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் சக்கரத்தை ஓட்டிப் போகிறது. எதிரே அது வந்தால் நாம்தான் ஓரம் கட்ட வேண்டும். அவர்களுக்கு அது வேலை, நமக்குப் பொழுதுபோக்கு. இறங்கி நின்று "போன்ஷூர்" என்று வணக்கம் சொன்னால் ஓட்டுநர் மேலேயிருந்து கையைத் தூக்குவார்.

சரி, இப்போது நான் சொல்ல வந்த விஷயம். பர்கண்டி ஒயினைப் பற்றி எத்தனையோ பேர் எவ்வளவோ விளக்கியும் என் மண்டையில் ஏறாத ஒன்று அன்றைக்குக் கால் வழியாக ஏறியது. இந்தத் தோட்டங்கள் இருக்கும் மலைச்சரிவு பெரும்பாலும் கிழக்கு, தென்கிழக்கு பார்த்தது, காலை வெயில் நேராக விழும். மேலே உச்சியில் மண் மெலிசு, கீழே சமவெளியில் மண் ஆழம், ஈரமும் அதிகம். நடுச்சரிவில்தான் சுண்ணாம்புக் கல்லும் களிமண்ணும் சரியாகக் கலந்து தண்ணீர் தேங்காமல் வடிகிறது. ஆக விலையும் பாட்டிலில் போடும் பெயரும் அப்படியே: சமவெளியில் விளைந்தால் வட்டாரத்தின் பொதுப்பெயர், கொஞ்சம் ஏறினால் ஊரின் பெயர், இன்னும் ஏறி நடுச்சரிவுக்கு வந்தால் அந்தத் துண்டு நிலத்துக்கே தனிப் பெயர். காரில் போனால் எல்லாம் ஒரே பச்சை. சைக்கிளில் போகும்போது தொடை வலிக்க ஆரம்பித்தால் பக்கத்துத் தோட்டத்தின் விலையும் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்! இப்படிப் பிரித்துப் பெயர் வைத்த துண்டுகள் இங்கே ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. யுனெஸ்கோ 2015-இல் இவற்றைத்தான் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

பூலினி என்ற ஊருக்கு அப்பால் பாதையை விட்டுக் கொஞ்சம் மேலே ஒதுங்கினால் மோன்ராஷே. உலகத்திலேயே பேர் பெற்ற வெள்ளை ஒயின்களில் ஒன்று விளைகிற இடம், மொத்தம் சுமார் 8 ஹெக்டேர், நம் கணக்கில் இருபது ஏக்கர். இடுப்புயரக் கல் சுவர், ஒரு கல் வாசல், அவ்வளவுதான். கீழ்ப்பக்கம் ஒரு சின்னத் தார் ரோடு, அதைத் தாண்டினால் வேறு தோட்டம், வேறு பெயர், வேறு விலை. ஒரு சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினால் பாதி அடைபடுகிற ரோடு. உள்ளேயும் ஒருவர் சொத்து இல்லை, பிள்ளைகளுக்குச் சமமாகப் பங்கு என்ற பிரெஞ்சுச் சட்டப்படி பாகம் பிரித்துப் பிரித்து, விற்று, வாங்கி, சிலருக்குச் சில வரிசைதான் இருக்கும். இதன் புகழில் ஒட்டிக்கொள்ளப் பூலினியும் பக்கத்து ஊரான ஷஸாஞ்ஞும் 1879-இல் தங்கள் ஊர்ப்பெயரோடு மோன்ராஷேயைச் சேர்த்துக்கொண்டன. கெட்டிக்கார ஊர்கள். அதைச் சொன்னதும் பேட்டரி சைக்கிள் நண்பர் தன் சொந்த ஊருக்கு எதைச் சேர்க்கலாம் என்று ஆரம்பித்துவிட்டார், சான்தனே வரைக்கும் விடவில்லை.

சாப்பாடு விஷயத்தில் மட்டும் நிதானம் வேண்டாம். கிராமத்து உணவகங்களில் மத்தியானச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரைதான், இரண்டேகாலுக்குப் போய் நின்றால் மரியாதையாக இல்லை என்பார்கள். திங்கட்கிழமை பல ஊர்களில் ரொட்டிக்கடையே திறக்காது. நாங்கள் மெர்சோ என்ற ஊரில் பன்னிரண்டரைக்கே உட்கார்ந்துவிட்டோம், நகர மண்டபத்தின் பல வண்ண ஓட்டுக்கூரையைப் பார்த்துக்கொண்டே சாப்பாட்டின் கடைசிப் பக்கம் வரும் பாலாடைக்கட்டி வரை வந்தோம். தண்ணீருக்கு ஒரு வழி சொல்கிறேன், பிரான்சில் நெடுந்தூரம் மிதிக்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்தது: ஊர்க் கல்லறைத் தோட்டம். பூச்செடிக்கு ஊற்ற அங்கே குழாய் இருக்கும். குடிக்கத் தகாது என்ற பலகை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் புட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஒயின் குடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: சைக்கிள்காரருக்கும் சட்டம் உண்டு, லிட்டர் இரத்தத்தில் அரை கிராம் ஆல்கஹால் வரம்பு. ஒயின் ருசி பார்க்கும் இடங்களில் துப்புவதற்குப் பாத்திரமே வைத்திருப்பார்கள், துப்பினால் யாரும் தப்பாக நினைப்பதில்லை. எங்களில் பாதிப்பேர் குடிப்பதில்லை, அவர்களுக்கும் நாள் ஒன்றும் குறையவில்லை.

சான்தனேயோடு தோட்டப் பாதை முடிகிறது. நாங்கள் அங்கிருந்து கால்வாய்க் கரையைப் பிடித்து ஷாஞி ஊருக்குப் போனோம். சோன் நதியையும் லுவார் நதியையும் இணைக்க 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெட்டிய கால்வாய், கரை முழுக்கத் தட்டை, கியரைத் தொட வேண்டாம், இரண்டிரண்டு பேராகப் பேசிக்கொண்டே போகலாம். ஷாஞியில் வட்டார ரயிலில் இடமிருந்தால் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போனுக்குத் திரும்பிவிடலாம். போகிறவர்கள் செப்டம்பர் வாக்கில் போங்கள், குலை கறுத்திருக்கும். ஆனால் அறுவடை தொடங்கிவிட்டால் தடம் முழுக்க வேன்களும் டிராக்டர்களும்தான், தங்க அறையும் கிடைக்காது, அதனால் அந்த வருடம் அறுவடை எப்போது என்று வாடகைக் கடைக்காரரிடம் முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.