அட்டை வளைந்திருந்தால் மெஷின் என்ன செய்யும்?

நேயர்களுக்கு வணக்கம்.

வளரும் தொழில்களில் புதுமையையும் தொழில்நுட்பத்தையும் எப்படிக் கையாள்வது என்று பேச வேண்டும் என நிலையத்திலிருந்து கேட்டபோது, கொஞ்சம் தயங்கினேன். நான் மேலாண்மை படித்தவன் இல்லை. புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி செய்கிறவன். அப்பா தொடங்கிய தொழில். "அதனால்தான் உங்களைக் கூப்பிடுகிறோம்" என்றார்கள். சரி, பட்டதைச் சொல்கிறேன்.

எங்கள் பெட்டிக்குள் பண்ருட்டி முந்திரி போகிறது, மருந்து போகிறது, சோப்பு போகிறது. பெட்டி கொண்டுபோய் இறக்குகிற இடங்களில் பத்து நிமிடம் நின்று வேடிக்கை பார்ப்பது என் வழக்கம். இன்று சொல்லப்போவதில் பாதி அப்படி நின்று பார்த்தது.

முதலில், வளரும் தொழில் என்றால் எது? அரசுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல், இயந்திர முதலீடு இரண்டரைக் கோடி, விற்றுமுதல் 10 கோடி வரை இருந்தால் குறுந்தொழில். முதலீடு 25 கோடி, விற்றுமுதல் 100 கோடி வரை போனால் சிறுதொழில். என் கணக்கு வேறு. முதலாளி உட்கார்ந்த நாற்காலியிலிருந்து பட்டறை முழுவதும் கண்ணில் படுகிற வரைக்கும் அது சின்னத் தொழில். ஒரு மூலை மறைய ஆரம்பித்ததும் அது வளரத் தொடங்கிவிட்டது என்று பொருள். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் மெஷின் விற்கிறவரும் கையில் வண்ணப் புத்தகத்தோடு வருவார்.

எனக்கும் வந்தார். அட்டையை உள்ளே தள்ளினால் அச்சடித்து, மடிப்புக் கோடு போட்டு, மூடியாக மடிகிற காதுகளை வெட்டி மறுபக்கம் தருகிற பிரிண்டர் ஸ்லாட்டர். அட்டையைத் தானே இழுத்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 100 என்றார். அதுவரை எங்களிடம் கையால் அட்டை தள்ளும் பழைய மெஷின்தான். வங்கிக் கடன் வாங்கி, தேங்காய் உடைத்து, ஆவணி மாதத்தில் ஓட்ட ஆரம்பித்தோம். இரண்டு மாதம் குறையில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் தொடங்கியது வினை. பத்து அட்டை போகும், பதினோராவது முட்டிக்கொண்டு நிற்கும். பிரித்து எடுத்துவிட்டு ஓட்டினால் மறுபடி முட்டும். மெஷின் விற்றவருக்கு போன் மேல் போன் போட்டேன். வந்தவர் இரண்டு நாள் இருந்து, திருகவேண்டியதையெல்லாம் திருகிப் பார்த்தார். ஒன்றும் சரியாகவில்லை. கடன் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்தது.

அப்பா காலத்திலிருந்து எங்களிடம் வேலை பார்த்த ஒரு அக்கா இருந்தார். பழைய மெஷினில் அட்டை தள்ளுவது அவர் வேலை. புதியது வந்ததும் அவரைப் பசை ஒட்டும் பக்கம் மாற்றியிருந்தேன். ஒரு நாள் மெஷின் நின்றுகிடந்தபோது பக்கத்தில் வந்து, "அட்டை வளஞ்சிருக்குது தம்பி, மெஷினு என்ன பண்ணும்?" என்றார். "முன்னேயும் இதே அட்டைதானே அக்கா ஓட்டினோம்?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. அடுக்கிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். இரண்டு ஓரத்தையும் பிடித்துத் தொடையில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். வளைவு நிமிர்ந்துவிட்டது. "இப்படிச் செஞ்சிட்டுத்தான் தள்ளுவேன்" என்றார்.

எத்தனையோ வருடம் அந்தத் தொடை அழுத்தம் என் கண் முன்னால் நடந்திருக்கிறது. ஒரு அட்டைக்கு ஒரு விநாடிகூட ஆகாது. சம்பளப் பட்டியலில் அந்த வேலைக்குப் பெயர் கிடையாது. அதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. நான் கையை எடுத்துவிட்டு மெஷினை வைத்தேன். கை எதையெல்லாம் செய்துகொண்டிருந்தது என்று கேட்காமலே வைத்தேன்.

அட்டை ஏன் வளைகிறது? இரண்டு தாள்களுக்கு நடுவே நெளித்த தாளை வைத்துப் பசையால் ஒட்டுகிறோம். ஒரு பக்கத்துத் தாள் கூடுதல் ஈரத்தைக் குடித்துவிட்டால், காயும்போது அந்தப் பக்கம் அதிகமாகச் சுருங்கி இழுக்கும். பசையில் தண்ணீர் எவ்வளவு என்பதை எங்கள் பட்டறையில் கண்திட்டமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். கோடையில் அது சரிப்பட்டு வரும். கடலோர ஊர், அதிலும் மழைக்காலத்தில், சரிப்படாது. கடைசியில் பிரச்சினையைத் தீர்த்தது மெஷின் விற்றவர் கிடையாது. அடியில் ஓட்டை போட்ட ஒரு சின்னக் கிண்ணம்தான். அதில் பசையை நிரப்பி, ஒழுகி முடிய எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ண வேண்டும். பெயிண்ட் கம்பெனிகளில் பார்த்திருப்பீர்கள். மெஷின் விலையோடு பார்த்தால் அதன் விலை தூசு. அப்புறம் ஒட்டிய அட்டையைத் தரையில் போடாமல் பலகைமேல் மாற்றி மாற்றி அடுக்கி, மேலே பாரம் வைத்து, ஒரு நாள் காயவிட்டோம். கார்த்திகை முடிவதற்குள் மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது.

இதே கதையைப் பண்ருட்டிப் பக்கத்து முந்திரி ஆலைகளிலும் பார்க்கலாம். கொட்டையை உடைத்து எடுத்த பருப்பைப் போர்மா என்கிற சூட்டு அடுப்பில் காயவைத்த பிறகுதான் மேல்தோல் உரிப்பார்கள். கையால் உரிக்கிற பெண்களுக்கு, தட்டில் எடுத்ததுமே தெரியும், இது சரியாகக் காய்ந்ததா இல்லையா என்று. காயாததை ஒதுக்கி வைப்பார்கள். அளவு மீறிக் காய்ந்ததை மெதுவாகத் தொடுவார்கள். தோல் உரிக்கும் மெஷினுக்கு இந்த நிதானம் எங்கே? காயாத பருப்பில் தோல் ஒட்டிக்கொண்டே வரும், அதிகம் காய்ந்தது உடையும். முந்திரியில் முழுப் பருப்புக்குத்தான் விலை. 320 என்று தரம் பிரிக்கிறார்களே, ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 முழுப் பருப்பு என்று அர்த்தம். உடைந்துவிட்டால் அதே பருப்பு, அதே ருசி, விலை மட்டும் இறங்கிவிடும். அங்கே மெஷினைக் குறை சொல்வதற்கு முன்னால் போர்மாவின் எல்லாத் தட்டிலும் ஒரே சூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நம் மாவட்டங்களில் இது இன்று நேற்று நடப்பதில்லை. பரங்கிப்பேட்டையில் 1830ல் ஓர் இரும்பாலை எழுந்தது. தொடங்கியவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டுத் தொழிலுக்கு வந்தவர். ஐரோப்பிய முறை உலையை இந்தியாவில் பெரிய அளவில் கட்டிப் பார்த்த முதல் முயற்சிகளில் ஒன்று அது. இரும்பின் தரத்தில் பழுதில்லை, இங்கிலாந்துக்கே கப்பலேறியது. ஆனால் இரும்புத் தாது இருந்ததோ சேலம் பக்கம். அங்கிருந்து ஆற்று வழியே பரிசலில் வரவேண்டும். உலைக்கு நிலக்கரி கிடையாது, மரக்கரிதான். ஓர் உலை தின்கிற கரிக்கு எவ்வளவு காடு வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். விறகு எட்டப் போய்க்கொண்டே இருந்தது, செலவு ஏறிக்கொண்டே இருந்தது. உலை நன்றாகத்தான் எரிந்தது, அதற்குத் தீனி வருகிற வழிதான் அடைத்துக்கொண்டது. ஆலை கடைசிவரை லாபத்தில் காலூன்றவே இல்லை.

ஹீத் கதை அதோடு முடியவில்லை. இங்கிலாந்து திரும்பியவர், எஃகு வார்க்கும்போது மாங்கனீசு சேர்த்தால் மட்ட இரும்பிலிருந்தும் நல்ல எஃகு கிடைக்கும் என்று கண்டுபிடித்து, 1839ல் காப்புரிமை வாங்கினார். விண்ணப்பத்தில், மாங்கனீசையும் கரியையும் முன்கூட்டியே சேர்த்துச் செய்த கலவை என்று எழுதிவிட்டார். மற்றவர்கள் என்ன செய்தார்கள்? இரண்டையும் தனித்தனியாக, எஃகு உருக்குகிற மூசைப் பாத்திரத்தில் போட்டார்கள். உள்ளே போய்ச் சேர்ந்துகொண்டது. "நீங்கள் எழுதியது கலவை, நாங்கள் போட்டது கலவை இல்லையே" என்று உரிமைத்தொகை தர மறுத்தார்கள். ஆண்டுக்கணக்கில் வழக்கு. 1855ல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபையின் தீர்ப்பும் அவருக்கு எதிராகவே வந்தது. அதைக் கேட்க அவர் உயிரோடு இல்லை. புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கிற இளைஞர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், எழுதிக் கொடுக்கிற வக்கீலுக்குக் கொடுக்கிற காசில் கை சுருக்காதீர்கள்.

இன்னொன்று. பழைய அரிசி மில்லுக்குள் போனவர்களுக்கு நினைவிருக்கும். ஒரே ஒரு என்ஜின் ஓடும். மேலே நீளமாக ஒரு தண்டு சுழலும். அதிலிருந்து பெல்ட் இறங்கி ஒவ்வொரு மெஷினையும் சுற்றும். அமெரிக்கத் தொழிற்சாலைகள் ஒரு காலத்தில் எல்லாமே அப்படித்தான், நீராவியில். எடிசன் நியூயார்க்கில் மின் நிலையம் தொடங்கியது 1882ல். ஆனால் மின்சாரத்தால் தொழிற்சாலைகளின் உற்பத்தித் திறன் துள்ளி ஏறியது 1920களில். ஏன் இவ்வளவு வருடம்? பால் டேவிட் என்ற பொருளாதார வரலாற்றாசிரியர் 1990ல் இதை ஆராய்ந்து எழுதினார். முதலாளிகள் நீராவி என்ஜினை எடுத்துவிட்டு அதே இடத்தில் பெரிய மோட்டாரை வைத்தார்கள். தண்டும் பெல்ட்டும் அப்படியே இருந்தன. தண்டு போகிற வழியில்தான் மெஷின்களை நிறுத்த முடியும். ஒவ்வொரு மெஷினுக்கும் தனி மோட்டார் என்று ஆன பிறகுதான், சரக்கு எந்த வரிசையில் நகர்கிறதோ அந்த வரிசையில் மெஷினைப் போடலாம் என்று ஆனது. கட்டடத்தையே மாற்றிக் கட்டினார்கள். பலன் அப்போதுதான் வந்தது.

எங்கள் கம்ப்யூட்டரும் அப்படித்தான் ஓடியது. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்கள், ஜிஎஸ்டி உள்ள இன்னொரு வியாபாரிக்கு விற்றால் இ-இன்வாய்ஸ், அதாவது அரசு இணையதளத்தில் பதிவாகிற பில், போட்டே ஆகவேண்டும் என்றார்கள். சாஃப்ட்வேர் வாங்கினோம். ஆனால் சரக்கு இறங்கும்போது கேட்டில் பழைய நோட்டில்தான் எழுதினார்கள். கணக்குப்பிள்ளை சாயங்காலம் அந்த நோட்டைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். திரையில் காகித ரீல் இருக்கும், கிடங்கில் இருக்காது. கிடங்கில் இருக்கும், திரையில் இருக்காது. இரண்டையும் நம்ப முடியாமல் மூன்றாவதாக நான் ஒரு பாக்கெட் நோட்டு வைத்துக்கொண்டேன் என்றால் பாருங்களேன்! கடைசியில் ஒரு ஏப்ரல் முதல் தேதி, பழைய நோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டி, கேட்டிலேயே கம்ப்யூட்டர் போட்டோம். இரண்டு வாரம் ஒரே ரகளை. அப்புறம் அடங்கிவிட்டது. பழைய முறையையும் புதிய முறையையும் சில நாள் சேர்த்து ஓட்டத்தான் வேண்டும், அதில் தவறில்லை. பழையது என்றைக்கு நிற்கும் என்று தேதி குறிக்காமல் ஓட்டினால், இரண்டு மடங்கு வேலை செய்து பாதிப் பலன்தான் கிடைக்கும்.

வேகக் கணக்கிலும் ஏமாந்தேன். நிமிடத்துக்கு 100 என்றாரே, அது பொய் இல்லை. ஆனால் என்னிடம் வருகிற ஆர்டர் பல நேரம் 500 பெட்டி. ஐந்து நிமிடத்தில் ஓடி முடிந்துவிடும். அடுத்த அளவுக்கு மெஷினை மாற்றி அமைக்க 40 நிமிடம். பழைய மெஷினில் அதற்குக் கால் மணி நேரம் போதும். அதனால் சின்ன ஆர்டர்களைப் பழையதிலேயே ஓட்டுகிறேன். "இன்னுமா இதை வைத்திருக்கிறீர்கள்?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். சாயங்காலம் கேட்டைத் தாண்டிப் போன நல்ல பெட்டி எத்தனை, அதுதான் எனக்குக் கணக்கு.

அப்புறம் ஆட்கள். புதிய மெஷினைத் தெரிந்த ஒரே பையன், ஒரு தை மாதம் பொங்கல் முடிந்து திரும்பவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் கூடுதல் சம்பளம், நானாக இருந்தாலும் போயிருப்பேன். அந்த வாரம் மெஷின் தூங்கியது. அதிலிருந்து எந்த மெஷினுக்கும் இரண்டு பேர் பழக வேண்டும் என்று வைத்திருக்கிறேன். திரையில் ஆங்கிலத்தில் வருகிற பிழை எண்களுக்கெல்லாம், என்ன பொருள், எந்தக் கதவைத் திறக்க வேண்டும் என்று தமிழில் எழுதி மெஷின் மேலேயே ஒட்டியிருக்கிறோம். அந்தத் தாளில் மூன்றாவது வரி அந்த அக்கா சொன்னது, ஒரு பையன் எழுதியது: "முதல்ல அட்டையைப் பாரு."

இப்போது மறுபடியும் என் மேசைமேல் ஒரு வண்ணப் புத்தகம் இருக்கிறது. பெட்டியை மடித்து ஓரத்தை ஒட்டுகிற மெஷின். இந்த முறை முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை. மூன்று நாளாக, கையால் மடித்து ஒட்டுகிற பெண்கள் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர்களுக்குக் கொஞ்சம் கூச்சம், எனக்கும்தான். மடித்ததும் ஓரத்தைக் கட்டை விரலால் இரண்டு தடவை நீவுகிறார்கள். ஒரு தடவை போதாதா என்று கேட்டேன், சிரிக்கிறார்கள். அந்த அக்கா வேலையிலிருந்து நின்று இப்போது பாகூரில் மகன் வீட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போய் அவரிடம் கேட்கலாம் என்றிருக்கிறேன்.

வணக்கம்.