விற்பனைக் கொப்பிக்குப் பக்கத்தில் இன்னொரு கொப்பி
(மட்டக்களப்பில் வர்த்தகர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

இந்த அவைக்குத் தலைமை தாங்கும் வர்த்தகர் சங்கத் தலைவர் அவர்களே, பிரதம விருந்தினராக வருகை தந்து எங்களைக் கௌரவித்திருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, வங்கி முகாமையாளர்களே, எனக்கு முன்னே அழகுறப் பேசி அமர்ந்த விரிவுரையாளர் அவர்களே, காத்தான்குடியின் புடைவை வணிகர்களே, மருதமுனையின் கைத்தறி முதலாளிமாரே, கல்முனை, அக்கரைப்பற்று, வாழைச்சேனைப் பெருமக்களே, கடையைப் பிள்ளைகளின் பொறுப்பில் விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மாரே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். இஸ்லாமியச் சகோதரர்களுக்கு என் ஸலாம்.

இருபது, முப்பது ஆண்டுகள் சொந்தக் கடை நடத்தியவர்கள் சரியான முடிவை எப்படி எடுப்பது, பெற்ற வெற்றியை எப்படித் தக்கவைப்பது என்பதே எனக்குத் தரப்பட்ட பொருள். முடிவு, கடன், நமக்குப் பின் கடையை யார் கையில் கொடுப்பது என இதை மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன். என் தகப்பனார் கல்லாப் பெட்டியின் மூடியில் ஒரு பழமொழியை எழுதி ஒட்டியிருந்தார்: “எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது.” அவர் கடன் கொடுத்ததை எண்ணி அதை எழுதினார், நான் முடிவெடுப்பதை எண்ணி அதைச் சொல்ல வந்திருக்கிறேன்.

புதிதாகக் கடை திறப்பவன் பயத்தினால் நாலு பேரிடம் கேட்பான். நாம் கேட்பதில்லை, நமக்குத்தான் அனுபவம் இருக்கிறதே. அந்த அனுபவமே என்னை விழுத்தியது.

2005 ஆம் ஆண்டு, சுனாமிக்குப் பின், கையில் இருந்ததையெல்லாம் போட்டுக் கட்டடக் கம்பி வாங்கினேன். மூன்று மாதத்தில் ஒரு கம்பியும் மிஞ்சாமல் இலாபத்தோடு விற்றுத் தீர்ந்தது. 2022 மே மாதத்தில், 200 ரூபாவாக இருந்த டொலர் 360 ரூபாவைத் தொட்டுவிட்டது. இன்னும் ஏறும், கம்பியும் ஏறும் என்று மனம் சொல்லிற்று. முந்திய மாதம் 8 ஆம் திகதிதான் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியிருந்தது; அது தெரிந்தும் கடன் எடுத்தேன். முற்பணம் கட்டப் புறப்பட்ட காலையில், எங்கள் கணக்கப்பிள்ளை பேனையைக் காதில் செருகியபடி வாசலுக்கு வந்து, “முதலாளி, மாசியில எத்தின கம்பி வித்தம் எண்டு பார்த்திட்டு மறுகா வாங்குவம்” என்றார். “நீ 2005 ஐப் பார்க்கவில்லை, தம்பி” என்று சொல்லிவிட்டு ஓட்டோவில் ஏறினேன்.

கம்பி வந்தது, வாங்க ஆள் வரவில்லை. வீடு கட்ட நினைத்தவர்கள் கம்பி விலையையும் சீமெந்து விலையையும் கேட்டுவிட்டு, அத்திவாரத்தோடு நிறுத்திவிட்டதாகச் சொல்லிப் போனார்கள். மாரியும் வந்தது. கல்லடியில் என் ஸ்டோருக்கு ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. கட்டுகளின் வெளிக்கம்பிகளில் முதலில் மஞ்சளாகவும் பிறகு செம்பழுப்பாகவும் துரு ஏறியது. தடவினால் உள்ளங்கையில் காவித்தூள் ஒட்டியது. பொடியன்கள் சாக்கால் துடைத்தார்கள். அடுத்த கிழமை மறுபடியும் துடைத்தார்கள். 2023 ஜூனில் டொலர் 300 ரூபாவுக்குக் கீழே இறங்கியபோது, புதுக் கம்பி மலிவாக வந்து என் பழைய கம்பிக்கு முன்னால் நின்றது. அன்றிரவுதான் விற்பனைக் கொப்பிகளை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். 2022 மாசியில் நான் விற்றது முந்திய மாசியில் விற்றதில் பாதி. அது என் கையெழுத்திலேயே இருந்தது.

2005 இல் நான் வென்றது என் துணிச்சலால் அன்று, உதவி நிறுவனங்கள் கரையோரமெங்கும் வீடு கட்டிக்கொண்டிருந்தபடியால். அந்தக் காரணத்தை நான் எழுதி வைக்கவில்லை. ஆகவே வெற்றி மட்டும் நினைவில் நின்றது, காரணம் கழன்று போயிற்று. எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது, பெரியோர்களே.

சுனாமி நம்மிற் பலருடைய கடன் கொப்பிகளையும் கொண்டுபோனது. ஆனாலும் வாங்கியவர்களிற் சிலர் தாமாகவே வந்து, இவ்வளவு தரவேண்டும் என்று சொல்லிக் கட்டினார்கள். இந்த மண்ணின் நேர்மையை நினைத்து நான் இன்றும் நெகிழ்வதுண்டு. கடனைத் திரும்பச் சொல்ல எதிரே ஒரு மனிதன் இருந்தான். நம் முடிவின் காரணத்தைத் திரும்பச் சொல்ல நம் கொப்பியை விட்டால் எவரும் இல்லை.

கடனைப் பற்றிச் சொல்வதானால், முகாமையாளர் கேட்கும் முன்பே “ஏன் வாங்குகிறேன்” என்று நாமே எழுதிவிட்டு வங்கிப் படி ஏறவேண்டும் என்பதோடு நிறுத்துகிறேன். கடையை யார் கையில் கொடுப்பது என்பதையும் இன்று விட்டுவிடுகிறேன். ஏனெனில் எனக்கு, விற்பனைக் கொப்பிக்குப் பக்கத்தில் வைத்து முடிவின் காரணத்தை எழுதவேண்டிய இன்னொரு கொப்பியைப் பற்றித்தான் பேசவேண்டும். திகதி, வாங்கும் விலை, வாங்கும் காரணம், எந்த விலை வந்தால் கைவிடுவேன் என்பது, மறுத்தவர் சொன்ன சொல் அவர் சொன்னபடியே: ஒரு பக்கம் போதும். 2021 இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்து, அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே தளர்ந்தபோது, அம்பாறை மாவட்டத்து உரக்கடை முதலாளிமார் வாங்குவதா விடுவதா என்று எத்தனை முடிவுகள் எடுத்திருப்பார்கள்! அவை காரணத்தோடு எழுதப்பட்டிருந்தால் நம் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய பாடப்புத்தகம் வேண்டுமா?

ஆகவே தலைவர் அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மாதத்தில் ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறை மாலை, இந்த மண்டபத்தின் பின்னறையை எங்களுக்குத் தாருங்கள். வெவ்வேறு தொழில் செய்யும் ஐந்தாறு பேர், ஒருவருக்கொருவர் போட்டியில்லாதவர்கள், தத்தம் கொப்பியை எடுத்து வந்து வாசிக்கட்டும்; மற்றவர்கள் கேள்வி கேட்கட்டும். ஒரு மேசையும் ஆறு கதிரையும் தேநீரும் போதும். முதல் போயாவுக்கு நான் வருகிறேன். அந்தக் கம்பி வாங்கியதற்கு எழுதாமல் விட்ட பக்கத்தை இப்போது எழுதியிருக்கிறேன், அதை வாசிக்கிறேன். என் கணக்கப்பிள்ளையும் கூட வருவார்.