செய்கூலிக்கு பேரம் பேசாதீங்க

நடுவர் ஐயாவுக்கும், எதிரணியில உக்காந்திருக்கிற அண்ணனுங்களுக்கும், நம்ம சேலத்து ஆடித் திருவிழாவுல சாமி வேஷம் கட்டுனவங்க வண்டியில ஊர்வலம் வர்ற வண்டி வேடிக்கைய பாத்த களைப்போட வந்திருக்கிற குகை, செவ்வாய்ப்பேட்டை சனங்களுக்கும் வணக்கம்ங்க. அஞ்சாயிரம் ரூபா டிக்கெட் எடுத்து சர்க்கஸ் சாகசம் பாக்குறது தகுமா, தண்டமாங்கிறது தலைப்பு. தகும்னு பேச வந்திருக்கேன்.

எதிரணி அண்ணன் இப்ப கேட்டுட்டு போனாரு, ரெண்டு மணி நேரம் பாத்துட்டு வெளிய வந்தா கையில என்னம்மா மிஞ்சுது, அதே காசுக்கு ஒரு மிக்ஸி வாங்கினா பத்து வருஷம் ஓடுமேன்னு. நல்லா கைதட்டுனீங்க. ஆனா எனக்கு அந்த கேள்வி புதுசு இல்லைங்க, நான் கொலுசு பட்டறை வீட்டுப் பொண்ணு, எங்கப்பாவுக்கு முப்பது வருஷமா கொலுசு கண்ணிய பத்த வச்சு ஒட்டுற வேலை, சின்ன வயசுலேருந்து இந்த கேள்விய கேட்டுத்தான் வளந்தேன். கடைக்கு வர்றவங்க வெள்ளி கிராம் என்ன விலைனாலும் வாய திறக்காம குடுப்பாங்க, செய்கூலின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், அங்க தான் பேரம் ஆரம்பிக்கும். செய்கூலி இல்லை சேதாரம் இல்லைன்னு போர்டு மாட்டுன கடைக்கு கூட்டம் அலைமோதும். கூலி இல்லாம எப்படிங்க ஒரு கொலுசு வரும், அது யாரோ ஒருத்தர் கணக்குல கழிச்சிருப்பாங்க தானே?

சாகச ஷோங்கிறது முழுக்க முழுக்க செய்கூலி மட்டும் தான் நடுவர் ஐயா. எடை போட வெள்ளி கிடையாது. அதனால தான் நமக்கு அது தண்டமா தெரியுது.

2018 நவம்பர்ல சர்க் து சொலெய்ங்கிற வெளிநாட்டு சர்க்கஸ் கம்பெனி முதல் தடவையா இந்தியாவுக்கு வந்து மும்பையில ஆரம்பிச்சாங்க. அக்கா அங்க இருந்ததால அப்பாவையும் கூட்டிட்டு போனேன். டிக்கெட் விலைய அப்பாகிட்ட சொல்லவே இல்ல. அந்த கம்பெனி 1984ல கனடாவுல, கியூபெக்ல ஆரம்பிச்சது, தெருவுல கட்டைக்கால் கட்டி நடந்தவங்களும் வாயில நெருப்பு ஊதுனவங்களும் சேந்து ஆரம்பிச்சது, நம்ம ஊரு கழைக்கூத்தாடிங்க மாதிரி தான்னு வச்சுக்கங்களேன். கயித்து மேல ஆடுறவங்களுக்கு அடிக்கிற பறைச் சத்தம் நம்ம சங்கப் பாட்டுலயே வருது, அவ்வளவு பழைய பொழப்பு இது. அந்த ஷோவுல கம்பத்துல ஏறி வித்தை காட்டுற நம்ம மல்லர் கம்பமும் இருந்துச்சு, விழுப்புரத்துல பசங்க பண்றாங்களே அதே தான். அப்பா எதை பாத்தாருன்னு நினைக்கிறீங்க? லைட்ட பாக்கல, டிரெஸ்ஸ பாக்கல. கையவே பாத்துட்டிருந்தாரு. கம்பத்துல ஒரு பிடி விட்டு இன்னொரு பிடி மாத்துற அந்த அரை நொடி இருக்கு பாருங்க, அப்ப அவரு என் மணிக்கட்ட இறுக்கி பிடிச்சாரு. போன்ல இதெல்லாம் ஓசியில வருதேன்னு இன்னொரு அண்ணன் சொன்னாரு, வருது, நானும் பாக்குறேன், ஆனா போன்ல வர்றது தப்பாம முடிஞ்ச ஒண்ணு, நேர்ல இன்னும் முடியல, அவங்க தவறலாம், அது அவங்களுக்கும் தெரியும் நமக்கும் தெரியும், கூடாரமே மூச்ச பிடிச்சிட்டு உக்காந்திருக்கும்.

தவறவும் செஞ்சிருக்குங்க. அதே 2018, மார்ச் மாசம், அமெரிக்காவுல டாம்பாங்கிற ஊருல, அதே கம்பெனியில பதினஞ்சு வருஷத்துக்கு மேல வேலை பாத்த ஒரு கலைஞர் ஷோ நடக்கும்போதே மேலேருந்து விழுந்து செத்துப்போனாரு. கொலுசுல சேதாரம்னா வெள்ளித் தூளு. அங்க சேதாரம் உடம்பு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், இதுக்கு எதிரணி பதில் சொல்லணும். அந்த காலத்துல பொருட்காட்சிக்கு போற காசுல சர்க்கஸும் பாத்துட்டு வந்தோமே, இவனுங்க மட்டும் ஏன் இவ்வளவு கேக்குறாங்கன்னு சொன்னீங்க. நானும் பாத்திருக்கேன், அப்பா தோள்ல உக்காந்து. சிங்கம் வந்துச்சு, கரடி வந்துச்சு, என் வயசு பொண்ணு ஒருத்தி வில்லு மாதிரி வளைஞ்சா. அந்த சீப் டிக்கெட்டோட பாக்கி காச யாரு குடுத்தாங்கண்ணா? சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு இதையெல்லாம் வித்தை காட்ட பழக்கக்கூடாதுன்னு 1998ல மத்திய அரசு உத்தரவு போட்டுச்சு, 2001ல சுப்ரீம் கோர்ட்டும் சரின்னுடுச்சு. சர்க்கஸ்ல குழந்தைங்கள வேலைக்கு வைக்கக்கூடாதுன்னு 2011ல தான் சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு, நேபாளத்துலேருந்தெல்லாம் பிள்ளைங்கள கொண்டாந்து அடைச்சு வச்சிருந்தாங்கன்னு வழக்கு வந்த பிறகு. என் வயசு பொண்ணு கூலி வாங்குனாளான்னு அன்னிக்கு எனக்கு கேக்கத் தோணல, சின்னப்புள்ள. இப்ப தோணுது. கூண்டுல கிடந்த மிருகமும் கூலி கேக்காத குழந்தையும் தாங்கிட்டிருந்த விலைய இப்ப நம்ம பாக்கெட்லேருந்து குடுக்க சொல்றாங்க, அவ்வளவு தான், அதை போய் கொள்ளைனு சொல்றது எனக்கு நியாயமா படல.

கீலேரி குஞ்ஞிக்கண்ணன்னு ஒருத்தர் 1901லயே கேரளாவுல தலச்சேரியில சர்க்கஸ் பள்ளிக்கூடம் வச்ச நாடுங்க இது. ஆள் இல்லாம இல்ல. அவங்களுக்கு குடுக்க நமக்கு மனசு வரல.

ஒண்ணு ஒத்துக்கிறேன். நாலு பேரு போனா இருபதாயிரம், தறி ஓட்டுற வீட்டுல அது நடக்காது. 500 ரூபாய்க்கு மேல டிக்கெட்னா 18 சதவீதம் ஜிஎஸ்டி வேற, அதை குறைக்க சொல்லி நீங்க பேசுனா நானும் உங்க பக்கம் வந்து நிக்கிறேன். பின்னாடி வரிசையில கம்மியான டிக்கெட் இருக்கும், வருஷம் பூரா சேத்து வச்சு ஒருத்தர் மட்டும் போங்க, தப்பே இல்ல.

கடைசியா வண்டி வேடிக்கை. ஓசியிலயே சாமிய நேர்ல பாக்குறோமே, அதுக்கு மேல என்ன ஷோன்னு கேட்டீங்க. ஓசி இல்லண்ணா, தெருவுக்கு தெரு வசூல் பண்ணி தான வண்டி கட்டுறோம், லைட்டுக்கு இவ்வளவு, ஜெனரேட்டருக்கு இவ்வளவு, பூவுக்கு இவ்வளவுன்னு. நேத்து எங்க தெரு வண்டியில முருகனா நின்ன பையன் நாலு மணி நேரம் ஒரு கால மடக்கி, வேல பிடிச்சிட்டு, கண்ண கூட அதிகம் சிமிட்டல. இறக்கி விட்டப்ப கால் மரத்துப்போய் ரெண்டு பேரு தோள்ல தான் நடந்தான். ஜெனரேட்டர்காரருக்கு பேசுன காசு போயிருச்சு. அவனுக்கு ஒரு துண்டு போத்தி, தட்டுவடை செட்டு வாங்கி குடுத்தோம். அஞ்சாயிரம் குடுத்து ஷோ பாத்தது எனக்கு உறுத்தலைங்க, இது தான் ராத்திரி பூரா உறுத்துச்சு.

அந்த பையன் வந்திருக்கான், அந்தா நாலாவது வரிசையில கால நீட்டி உக்காந்திருக்கான். தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி அவன்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க நடுவர் ஐயா.