ஒரே கீகள், வேற ராகம்: சுர இடைவெளியும் ஸ்கேலும்

[திரையில்: கீபோர்டு, மேலிருந்து. டி கீயில் மஞ்சள் புள்ளி.]

டி கீயில ஆரம்பிச்சு, வெள்ளை கீகளை மட்டும் அடுத்த டி வரைக்கும் வாசிங்க. அப்புறம் அதே வெள்ளை கீகளை சி-யில இருந்து சி வரைக்கும் வாசிங்க. முதல்ல வந்தது கரகரப்பிரியா. ரெண்டாவது சங்கராபரணம், மேற்கத்திய இசையில சி மேஜர். கீ எதுவும் மாறல, ஸ மாறிடுச்சு. அதனால ஸ-விலிருந்து மத்த சுரங்களோட தூரமும் மாறிடுச்சு.

அந்தத் தூரத்தோட அலகு செமிடோன். ஒரு கீயிலிருந்து ஒட்டி இருக்கற அடுத்த கீ, கருப்போ வெள்ளையோ, ஒரு செமிடோன். எண்ணும்போது தொடங்கற கீ பூஜ்யம். அதை ஒண்ணுன்னு எண்ணினா கடைசி வரைக்கும் ஒரு கீ பின்தங்கியே இருப்பீங்க. இன்னொண்ணு, வெள்ளைக்கும் வெள்ளைக்கும் நடுவில எப்பவும் ரெண்டு செமிடோன் இருக்காது. இ–எஃப், பி–சி ரெண்டு இடத்துலயும் கருப்பு கீ கிடையாது, அங்க ஒண்ணுதான்.

[திரையில்: 2 2 1 2 2 2 1]

இது சங்கராபரணத்தோட தூரங்கள். கூட்டினா 12. எந்த ஸ்கேலா இருந்தாலும் ஸ-விலிருந்து மேல் ஸ வரைக்கும் 12 தான் வரணும். வரலைன்னா எங்கேயோ தப்பா எண்ணியிருக்கீங்க.

இதையே 2 கட்டையில, அதாவது டி-யை ஸ-வா வச்சு வாசிக்கலாம். டி, ரெண்டு தள்ளி இ, இன்னும் ரெண்டு தள்ளினா எஃப் ஷார்ப். கை பழக்கத்துல எஃப்-க்குப் போகும், விடாதீங்க. அங்க க, அதாவது காந்தாரம், கீழே இறங்கி கரகரப்பிரியா காந்தாரம் ஆயிடும். அடுத்து ஜி, ஏ, பி, சி ஷார்ப், டி.

மாயாமாளவகௌளை, ஆரம்பப் பாடமான சரளி வரிசை தொடங்கற ராகம்: 1 3 1, நடுவில 2, திரும்ப 1 3 1. சி-யில வச்சா சி, சி ஷார்ப், இ, எஃப். ஜி, ஜி ஷார்ப், பி, சி. ஸ-விலிருந்து ம வரைக்கும் இருக்கற அமைப்பே ப-விலிருந்து மேல் ஸ வரைக்கும் வருது. முதல் பாதி கைக்கு வந்துட்டா மீதி சுலபம். தடுமாற்றம் அந்த மூணு செமிடோன் தாவல்லதான்: ரி-க்கு அப்புறம் விரல் டி-யில விழும்.

[திரையில்: கருப்பு கீகள் மட்டும் ஒளிர்கின்றன.]

ஐந்து சுர ராகத்துக்குக் கருப்பு கீகளே போதும். எஃப் ஷார்ப்பை ஸ-வா வச்சா மோகனம்: 2 2 3 2 3. அதே கீகள்ல ஜி ஷார்ப் ஸ ஆனா மத்தியமாவதி. ஏ ஷார்ப் ஸ ஆனா ஹிந்தோளம். இதுக்குப் பேர் கிரகபேதம். தம்புரா ஆப்பையும் ஒவ்வொரு தடவையும் அந்த ஸ-வுக்கு மாத்தி வைங்க. இல்லைன்னா காது பழைய ஸ-வையே பிடிச்சுக்கும், மோகனமே திரும்பத் திரும்பக் கேட்கும்.

தம்புராவோட வாசிக்கும்போது ஒரு விஷயம் கவனிப்பீங்க. சி 261.6 ஹெர்ட்ஸ். அதை ஸ-வா வச்சா சுத்தமான பஞ்சமம் (ப) அதுல ஒன்றரை மடங்கு, 392.4, கீபோர்டு ஜி 392.0, வித்தியாசம் தெரியாது. அந்தர காந்தாரம், அதாவது சங்கராபரணத்தோட க, ஒன்றேகால் மடங்கு, 327.0, கீபோர்டு இ 329.6. ஒவ்வொரு செமிடோனையும் சமமாப் பிரிச்சதால வந்த வித்தியாசம் இது. அதனால தூரம் எண்ணக் கீபோர்டு, காந்தாரம் பாடத் தம்புரா. கமகத்தை, அதாவது சுரத்தை அசைச்சுப் பாடறதை, கீபோர்டுகிட்ட எதிர்பார்க்கவே வேண்டாம்.

எல்லாம் சரியா எண்ணியும் சுருதி சேரலைன்னா டிரான்ஸ்போஸ் பட்டனைப் பாருங்க. +1-ல இருந்தா சி அழுத்தினாலும் சி ஷார்ப்தான் ஒலிக்கும்.