எண்ணின் இடமும் எண்ணின் தொலைவும்

அவையோர்க்கும் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவ மாணவியர்க்கும் வணக்கம்.

கடல்மட்டத்தைப் பூச்சியமாகக் கொண்டால் எவரெஸ்ட் சிகரம் ஏறத்தாழ +8,849 மீட்டரிலும், பசிபிக் பெருங்கடலின் மரியானா அகழியில் உள்ள சேலஞ்சர் டீப் ஏறத்தாழ −10,900 மீட்டரிலும் இருக்கின்றன. இவற்றுள் பெரிய எண் எது என்று ஆறாம் வகுப்பில் கேட்டால் பலர் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் நியாயமானதே என்பேன். எண்கோட்டில் வலப்புறம் இருப்பது எது என்பது ஒரு கேள்வி. பூச்சியத்திலிருந்து அதிகத் தொலைவில் இருப்பது எது என்பது வேறு கேள்வி. முன்னதற்கு விடை எவரெஸ்ட். பின்னதற்கு விடை அந்த அகழி. பின்னதை அளந்து சொல்வதுதான் மட்டு மதிப்பு; எண்ணின் இருபுறமும் நெடுங்கோடு இட்டு அதைக் குறிக்கிறோம். அதனால்தான் |−10,900| என்பது 10,900 ஆகிறது.

மிகை எண்களோடு மட்டும் பழகிய ஆண்டுகளில் இவ்விரு கேள்விகளுக்கும் ஒரே விடைதான் கிடைத்துவந்தது. அந்தப் பழக்கமே பிற்பாடு −89.2 என்பதை −38.8ஐவிடப் பெரியது என்று எழுத வைக்கிறது. பாதரசம் ஏறத்தாழ −38.8 டிகிரி செல்சியசில் உறைகிறது. 1983 ஜூலை 21 அன்று அண்டார்க்டிகாவின் வஸ்தோக் ஆய்வு நிலையத்தில் பதிவான வெப்பநிலையோ −89.2 டிகிரி. எந்த அளவில் குளிர் குறைவு என்று கேட்டால் சிறு பிள்ளையும் −38.8 என்று சரியாகச் சொல்லிவிடும். டிகிரியை நீக்கிவிட்டு வெறும் எண்களாகக் கரும்பலகையில் எழுதும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. பூச்சியத்துக்கு இடப்புறம் செல்லச் செல்லத் தொலைவு கூடுகிறது, எண்ணின் மதிப்பு குறைகிறது. ஆகவே இரண்டு குறை எண்களை ஒப்பிடுகையில் மட்டு மதிப்பு எதற்குச் சிறியதோ அதுவே பெரிய எண்.

628ஆம் ஆண்டிலேயே இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் மிகை எண்ணைச் செல்வமாகவும் குறை எண்ணைக் கடனாகவும் கொண்டு விதிகள் வகுத்தார். ஆயிரம் ரூபாய் கடன்பட்டவரைவிட நூறு ரூபாய் கடன்பட்டவரின் நிலை மேலானது. ஆனால் கடன் கொடுத்தவர் கண்ணுக்கு ஆயிரம்தான் பெரிய தொகை. அவர் பார்ப்பது மட்டு மதிப்பை மட்டுமே!

மேல் வகுப்பில் இன்னோர் இடறல் காத்திருக்கிறது. x < 0 எனில் |x| = −x என்று எழுதியவுடன், "மட்டு மதிப்பு எப்படி ஐயா குறை எண்ணாகும்?" என்று கை உயரும். x-க்கு முன்னால் நிற்கும் குறி, அந்த எண்ணைக் குறை எண் என்று அறிவிப்பதில்லை; பூச்சியத்தின் மறுபுறத்தில் அதே தொலைவில் உள்ள எண்ணை எடு என்றே சொல்கிறது. x என்பது −7 ஆனால் −x என்பது 7. எழுத்தின் தோற்றத்தை வைத்து அது மிகையா குறையா என்று முடிவுகட்ட இயலாது.

தொலைவு என்ற பொருள் மனத்தில் பதிந்துவிட்டால் |x − 2| = 5 என்ற சமன்பாட்டுக்கும் சூத்திரம் தேட வேண்டியதில்லை. 2இலிருந்து ஐந்து அலகு தள்ளி நிற்கும் எண்கள் வலப்புறம் 7, இடப்புறம் −3.