வாயே தொறக்காத டிராகுலா

நடுவர் ஐயா, எதிரணி, சபை, எல்லாருக்கும் வணக்கம். நேரம் கம்மி, நேரா வர்றேன்.

1966ல வந்த 'டிராகுலா: பிரின்ஸ் ஆஃப் டார்க்னஸ்' நம்மள ஏமாத்திருச்சு, அதுல ரெண்டு அணிக்கும் சண்டை இல்ல. ஏமாத்துனது டிராகுலாவா நடிச்ச கிறிஸ்டோபர் லீயா, படம் எடுத்தவங்களா? எடுத்தவங்கதான்.

எங்க அப்பாவும் நானும் 1958 டிராகுலாவ பாத்ததுலேர்ந்து லீன்னா உசிரு. இந்தப் படத்த வாடகை டிவிடில போட்டோம். ஆரம்பத்துலயே அந்தப் பழைய படத்தோட கிளைமாக்ஸ காட்டுறாங்க, டிராகுலாவ வேட்டையாடுறவரா வர்ற பீட்டர் குஷிங் திரைச்சீலைய இழுத்து வெயில உள்ள விட லீ சாம்பலாகுறாரு, அப்பா நிமிந்து உக்காந்துட்டாரு. அப்புறம்? அண்ணன் தம்பி ரெண்டு பேரு பொண்டாட்டிங்களோட ஊர் சுத்த வர்றாங்க, கோட்டைக்குள்ள போறாங்க, சாப்புடுறாங்க, தூங்கப் போறாங்க. "எங்கடா அவரு?" வருவாருப்பா. அம்மா தோசை ரெடின்னு கூப்புடுறாங்க, "இரும்மா, இப்ப வந்துருவாரு." மறுபடி கூப்புடுறாங்க, "இதோ வந்துட்டாரு." தோசை ஆறி வெறச்சுப் போச்சு, ஐயா, அவரு வரல! 90 நிமிஷப் படத்துல பாதி ஓடுன பிறகு, கோட்டை வேலைக்காரன் அந்த அண்ணன் தம்பில ஒருத்தன தலைகீழா தொங்கவிட்டு கழுத்த அறுக்குறான், கீழ கல் பெட்டில கிடக்குற சாம்பல்ல ரத்தம் கொட்டுது, பொகைக்குள்ளேர்ந்து ஒரு கை மெதுவா வந்து பெட்டி விளிம்ப பிடிக்குது. எங்க அப்பா என் கைய பிடிச்சாரு.

அப்படி வந்தவரு படம் முழுக்க ஒரு வார்த்தை பேசல, சீறுறாரு, அவ்வளவுதான்.

அதுக்குத்தான் எதிரணி அக்கா, "பேசாம சம்பளம் வாங்குனவருக்கு வக்காலத்தா"ன்னு கேட்டு கைதட்டு வாங்குனாங்க. அக்கா, வசனம் அவ்வளவு மோசம், அதான் பேச மாட்டேன்னுட்டேன்னு லீ சொல்லியிருக்காரு. எழுதுன ஜிம்மி சாங்ஸ்டர், நான் அவருக்கு வசனமே எழுதலயேன்னாரு. எது நெசமா இருந்தாலும் குத்தம் எழுத்து மேலதானே? அந்த எழுத்தாளர் டைட்டில்ல சொந்தப் பேர போடல, ஜான் சான்சம்னு புனைபேர்லதான் வர்றாரு! சொந்தப் பேர் போடாதவர விட்டுட்டு, 6 அடி 5 அங்குலம், இடி மாதிரி குரல் இருந்தும் வெறும் கண்ண வச்சு படத்த தூக்கி நிறுத்துன மனுஷன கேக்குறீங்களே, நியாயமாக்கா?

எங்க அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஐயா. எந்தப் படம் போட்டாலும் "என்னடா சொல்றான், என்னடா சொல்றான்"னு கேட்டுக்கிட்டே இருப்பாரு. லீ வந்த சீன்ல மட்டும் ஒரு தடவ கூட கேக்கல.

2015 ஜூன்ல லீ போயிட்டாரு, 93 வயசு. அப்பாவுக்கு போன் பண்ணி சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அந்தக் கை வர்ற படம் கெடைக்குமாடா"ன்னாரு. லீவு போட்டு ஊருக்குப் போயி ரெண்டு பேரும் பாத்தோம். இந்தத் தடவ தோசைய மொதல்லயே சாப்புட்டோம்.

மணி அடிச்சுட்டீங்க. வணக்கம்.