மசாஜ் சொகுசல்ல, மருத்துவமே! (பட்டிமன்ற உரை)

நடுவர் ஐயா அவர்களே, எதிரணிப் பேச்சாளர்களே, கோவில் கொடைக்கு வந்து பந்தல் கொள்ளாமல் உட்கார்ந்திருக்கும் ஊர் மக்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

'உடம்பு பிடித்துவிடுவது மருத்துவமா, சொகுசா?' என்பது இன்றைய தலைப்பு. சொகுசுதான் என்று பேசிய எதிரணித் தலைவர் மூன்று கேள்விகளை வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஏசி அறையில் மெழுகுவத்தி ஏற்றி, மணிக்கு 2000 ரூபாய் வாங்குவது ஏழைக்கு எப்படி மருத்துவமாகும்? எந்த நோயை அது குணப்படுத்தியது? தப்பாகப் பிடித்துக் கழுத்து போனால் யார் பொறுப்பு? மூன்றும் நல்ல கேள்விகள். மூன்றுக்கும் பதில் சொல்லித்தான் இறங்குவேன்.

நான் பிசியோதெரபி படித்தவள். ஆனால் இந்த வேலையைக் கற்றுக்கொண்டது எங்கள் வீட்டுத் திண்ணையில். அம்மா பீடி சுற்றுபவர். இந்தப் பந்தலில் பாதிப் பேருக்கு அந்த வேலை தெரியும். மடியில் முறம் மாதிரி சுளவு, குனிந்த தலை. இலையை வெட்டி, தூளைக் கிள்ளி வைத்து, சுருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றி ஒரு இழுப்பு. ஒரு பீடிக்குக் கொஞ்ச நேரம்தான். அதை ஆயிரம் தடவை செய்தால்தான் ஆயிரத்துக்கான கூலி. ராத்திரி சோறு பிசையும்போது அம்மாவின் விரல் மடங்கியபடியே நிற்கும். விரித்தால் முழங்கை வரை இழுக்கும்.

முழங்கைக்கு நாலு விரல் கீழே, முன்கையின் வெளிப்பக்கம், சதை ஒரு இடத்தில் புளியங்கொட்டை மாதிரி திரண்டிருக்கும். அங்கே பெருவிரலை வைத்ததும் அம்மா "ஏட்டி, அங்கனதான்" என்பார். எடுத்த எடுப்பில் அதை அமுக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்தது ஆச்சி. முதலில் வெதுவெதுப்பான எண்ணெயைத் தொட்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கைப் பக்கமாக ஏழெட்டு முறை நீவ வேண்டும். சதை இளகிய பிறகு விரலை அந்தக் கொட்டையின்மேல் வைத்து, அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டால் அழுத்தம் அதிகம் என்று பொருள். மூச்சு நீளமாக வெளியே வந்தால் சரியான அளவு. சற்று நேரத்தில் சுண்டுவிரல் முதலில் விரியும், பிறகு மற்றவை. மறுநாள் காலை அம்மா குடத்தைத் தூக்கித் தண்ணீர் எடுத்து வருவார். இதைச் சொகுசு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை ஐயா.

ஆச்சிக்குத் தெரிந்ததை உலகம் எப்போது அளந்து பார்த்தது? இடித்துக்கொண்ட முழங்காலை நாம் ஏன் உடனே தேய்க்கிறோம்? 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு அறிஞர்கள் அதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். வலிச் செய்தி தண்டுவடத்தில் ஒரு வாசலைத் தாண்டித்தான் மூளைக்குப் போகிறது. தொடுதலும் அழுத்தமும் அந்த வாசலை ஒருக்களித்துச் சாத்திவிடுகின்றன என்றார்கள். அந்தக் கருத்து பின்னாளில் எவ்வளவோ திருத்தப்பட்டது. ஆனாலும் வலியைப் பற்றிய படிப்பு இன்றும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. இன்னொன்றும் உண்டு. மெதுவான தடவலுக்கென்றே நம் தோலில் தனி நரம்பு இழைகள் இருக்கின்றன. நொடிக்கு 1 முதல் 10 செ.மீ. வேகத்தில் கை நகரும்போது அவை நன்றாகத் தூண்டப்படுகின்றன. தூங்க வைக்கும் தாய் பிள்ளையின் முதுகைத் தடவும் வேகமும் அதுதான்.

குணம் எங்கே, ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். அமெரிக்காவின் மயாமி பல்கலைக்கழகத்தில் டிஃபனி ஃபீல்ட் என்ற உளவியல் அறிஞர், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார். 1986-இல் வெளியான ஆய்வு அது. தினம் மூன்று வேளை, வேளைக்கு 15 நிமிஷம், 10 நாள், குழந்தைகளைத் தடவி, கைகால்களை மெல்ல மடக்கி நீட்டினார்கள். அவ்வளவுதான். பால் எல்லாக் குழந்தைகளுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. தடவப்படாத குழந்தைகளைவிடத் தடவப்பட்ட குழந்தைகளுக்கு நாள்தோறும் 47 சதவீதம் கூடுதலாக எடை ஏறியது. ஆறு நாள் முன்னதாகவே வீட்டுக்குப் போனார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் தெரிந்த ஒன்றுதான் எனக்கு இன்னும் வியப்பு. இறகு பட்டது போல மேலோட்டமாகத் தடவினால் அந்த அளவுக்குப் பலன் இல்லை. மிதமான அழுத்தம் வேண்டும். எங்கள் ஆச்சி காலை நீட்டி உட்கார்ந்து, பச்சைப்பிள்ளையைக் காலில் கிடத்தித் தேய்த்துக் குளிப்பாட்டும்போது அவள் கையில் இருந்த அழுத்தம் என் நினைவில் இருக்கிறது. பஞ்சைத் தொடுவது போலவும் இருக்காது, மாவு பிசைவது போலவும் இருக்காது.

பெரியவர்களுக்கு வருகிறேன். நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 401 பேரை வைத்துச் செய்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2011-இல் வெளியானது. வாரம் ஒரு தடவை வீதம் 10 வாரம் மசாஜ். முடிவில், மசாஜ் பெற்றவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் 'வலி அநேகமாகப் போய்விட்டது' என்றார்கள். வழக்கமான வைத்தியத்தில் மட்டும் இருந்தவர்களில் அப்படிச் சொன்னவர்கள் நூற்றுக்கு நான்கு பேர். பலன் ஆறு மாதம் வரை தெரிந்தது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரு வருஷத்துக்கு வேலை செய்கிற வலி மாத்திரை எந்தக் கடையில் இருக்கிறது? 2017-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற பெரிய அமைப்பு தன் வழிகாட்டுதலில், புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மாத்திரையைத் தொடுவதற்கு முன் ஒத்தடம், மசாஜ் போன்றவற்றைப் பாருங்கள் என்று மருத்துவர்களுக்கே சொன்னது.

எதிரணியின் இளைய பேச்சாளர் ஒரு நல்ல உண்மையைச் சொன்னார். தசையில் தேங்கிய லாக்டிக் அமிலத்தை மசாஜ் பிழிந்து வெளியேற்றும் என்று மசாஜ் கடைகளில் எழுதிப் போட்டிருப்பது பொய் என்றார். சரிதான் தம்பி, அது பொய்தான். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 11 இளைஞர்களைக் களைத்துப் போகும்வரை சைக்கிள் மிதிக்க வைத்து, ஒரு காலை மட்டும் 10 நிமிஷம் பிடித்துவிட்டு, இரண்டு தொடையிலிருந்தும் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். அமிலம் குறையவில்லை. ஆனால் பிடித்துவிட்ட காலில் அழற்சியைக் கிளப்பும் சமிக்ஞைகள் அடங்கியிருந்தன. செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கும் சமிக்ஞை கூடியிருந்தது. 2012-இல் வந்தது அந்த முடிவு. கடைக்காரர் சொன்ன காரணம் தப்பு. ஆனால் பிடித்துவிட்ட கால் பலனைக் காட்டியது.

இப்போது ஆபத்து. இதை அவசரமாகக் கடக்க மாட்டேன், இங்கே தாய்மார்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஒரே ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி, சூடாக, வலித்தால் தயவுசெய்து தேய்க்காதீர்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிர் போகும். முதலில் டாக்டரிடம் போங்கள். சலூனில் முடி வெட்டி முடித்ததும் கழுத்தைச் சடக்கென்று திருப்பிச் சொடக்கு எடுக்க விடாதீர்கள். கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரலாம். சர்க்கரை வியாதியால் பாதம் மரத்தவர்களுக்குக் கொதிக்கிற எண்ணெய் வேண்டாம், சுட்டது அவர்களுக்கே தெரியாது. குழந்தையின் மூக்கில் எண்ணெய் ஊதுவதை இன்றோடு விட்டுவிடுங்கள், அது நுரையீரலுக்குள் போய்விடும். என் ஆச்சியும் அதைச் செய்தவள்தான். அவள் கையை வணங்குகிற நான், அந்த ஒரு பழக்கத்தை மட்டும் ஏற்க மாட்டேன்.

நடுவர் ஐயா, ஆபத்து இருப்பதாலேயே அது மருத்துவம் இல்லை என்று ஆகிவிடுமா? யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது, எவ்வளவு, எத்தனை நாள் என்ற கணக்கெல்லாம் மருந்துக்குத்தானே உண்டு? சித்த மருத்துவம் இதற்குத் 'தொக்கணம்' என்று பெயரே வைத்து, 32 புற மருத்துவங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை. பொழுதுபோக்குக்கு யாராவது இத்தனை வகை பிரித்துப் பெயர் வைப்பார்களா? நம் பேச்சைப் பாருங்கள்: நீவுதல் வேறு, உருவுதல் வேறு, பிசைதல் வேறு, வருடுதல் வேறு, சுளுக்கு வழிப்பது வேறு. ஒவ்வொரு சொல்லிலும் விரல் எப்படிப் போக வேண்டும் என்ற குறிப்பு இருக்கிறது.

மிச்சம் இருப்பது 2000 ரூபாய்க் கேள்வி. ஏசி அறைக்காக நான் வாதாட வரவில்லை. அந்த விலைப்பலகையைப் பார்த்துப் பார்த்துத்தான், இது பணக்காரர் சமாச்சாரம் என்று பீடி சுற்றுகிறவரும் களை பறிக்கிறவரும் கொத்து வேலைக்குப் போகிறவரும் ஒதுங்கிப் போனார்கள். போய் என்ன செய்கிறார்கள்? மெடிக்கலில் சீட்டு இல்லாமல் ரெண்டு வலி மாத்திரை. என் அம்மாவும் அப்படித்தான் வருஷக்கணக்கில் விழுங்கினார். வயிறு புண்ணாகிப் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. வெறும் வயிற்றில் தொடர்ந்து போட்டால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் அது கெடுக்கும் என்று அதுவரை அவருக்கு யாருமே சொல்லவில்லை. 'வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு' என்றார்கள் நம் முன்னோர். வாணியன் செக்கில் எண்ணெய் ஆட்டுபவர். எங்கள் வீட்டில் ஒரு வேளைக்கு ஆகும் செலவு ரெண்டு கரண்டி நல்லெண்ணெயும் இருபது நிமிஷமும்தான்.

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டு வாசலுக்கே வருகிறது. படுத்த படுக்கையாகக் கிடக்கிறவருக்குக் கைகால் அசைத்துவிட ஆள் வருகிறார்கள். வருகிறவரிடம், "பிடித்துவிடுவதை எங்களுக்கும் காட்டிக் கொடுங்கள், எங்கே தொடக் கூடாது என்பதையும் சொல்லிக் கொடுங்கள்" என்று நீங்கள் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. கேட்டால் காட்டித் தருவார்கள்.

முதல் மணி அடித்துவிட்டது. ஐயா, தீர்ப்பு எழுதும்முன் உங்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். அதோ, பந்தல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் காலையிலிருந்து சுளவோடு இருந்துவிட்டு வந்தவர்கள். பாதிப் பேர் இப்போதே இடது கையால் வலது முன்கையைப் பிடித்துவிட்டுக் கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள், இது சொகுசா என்று. வணக்கம்.